எண்ணெய் அளவு காட்டும் முள்

புரந்தர் வட்டாரத்து அத்திப் பழமும் சீதாப் பழமும் சாஸ்வடிலிருந்து புணே நகரின் குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்குத் திவே காட் மலைப்பாதை வழியாக இறங்கி வருகின்றன. பழக்கூடைகளைச் சுமந்துவரும் சிறிய பிக்கப் லாரிகளில் வயதானவையும் உண்டு. 1988ஆம் ஆண்டில் புணேயிலேயே செய்யத் தொடங்கிய டாட்டா மொபைல் போன்ற வண்டிகளைப் பேணிக் காப்பாற்றி வருவோர் நன்கறிந்த தொல்லை ஒன்று உண்டு: டீசல் தீரும் தறுவாயிலும் பாதி டாங்க் இருப்பதாக முள் காட்டுவது.

இதைச் சிறு குறையாக எண்ணுதல் தவறு. பெட்ரோல் வண்டி நின்றால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிவிடலாம். டீசல் வண்டியிலோ குழாய்களில் காற்று புகுந்துவிடும். பில்டரின் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, குமிழி அடங்கும் வரை காற்றை வெளியேற்றினாலன்றி என்ஜின் கிளம்பாது. மேலும் இறக்கத்தில் என்ஜின் நின்றுபோனால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் சில மிதிப்புகளில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

கருவி எளியதே. டாங்கினுள் மிதவை ஒன்று எண்ணெயோடு ஏறி இறங்குகிறது. அதன் கை ஒரு மின்தடைக் கம்பிச் சுருள்மீது நகர, மின்னோட்டம் கூடிக் குறைகிறது. அந்த மாறுதலையே ஓட்டுநரின் முன்னுள்ள மீட்டர் முள்ளாகக் காட்டுகிறது. மெக்கானிக்குகள் இந்த மிதவைப் பகுதியை 'டாங்க் யூனிட்' என்பர். செய்தி அனுப்புவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் உண்டு. 'தூதன்' என்று நான் மொழிபெயர்ப்பேன். தூதன் பிழையாகச் சொன்னால் மீட்டர் என்ன செய்யும்? ஆயினும் பலர் முதலில் விலைகொடுத்து மாற்றுவது மீட்டரைத்தான்!

முதலில் வெப்பமானியின் முள்ளையும் பாருங்கள். இரண்டு முட்களும் ஒருங்கே பிழை காட்டினால் குற்றம் டாங்கில் இல்லை. மீட்டர்களுக்குச் செல்லும் மின்சாரத்தை நிலைப்படுத்தும் சிறு கருவியிலோ, அதன் எர்த் இணைப்பிலோ இருக்கலாம். எண்ணெய் முள் மட்டும் பிழைத்தால் டாங்கின் பக்கம் செல்க.

அங்கே முதலில் ஐயுற வேண்டியது எர்த் கம்பி. டாங்க் பெரும்பாலும் ரப்பர் பட்டைகள்மீது அமர்ந்திருப்பதால், டாங்க் யூனிட்டுக்கு அடிச்சட்டத்தோடு தனிக் கம்பித் தொடர்பு வேண்டும். மழைக்காலச் சேறும் துருவும் அத்தொடர்பை அரித்துவிடுகின்றன. யூனிட்டின் உலோக உடலையும் அடிச்சட்டத்தின் சுரண்டிய இடம் ஒன்றையும் வேறொரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். முள் திருந்திவிட்டால் உப்புத்தாள் வாங்கும் காசோடு வேலை முடிந்தது.

திருந்தாவிடில், யூனிட்டிலிருந்து மீட்டர்க் கம்பியைக் கழற்றி முள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொண்டு, அக்கம்பியைச் சிறு பல்பு ஒன்றின் வழியாக அடிச்சட்டத்தில் தொடுக. பல்பின்றி நேராகத் தொட்டால் சிலவகை மீட்டர்களின் சுருள் கருகிவிடும். முள் எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் மீட்டரும் கம்பியும் நலமே, குற்றம் டாங்கினுள். நகராவிடில் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது மீட்டர் பழுது. பெட்ரோல் வண்டியில் இச்சோதனையை டாங்கின் அருகே செய்யலாகாது. ஒரு பொறி போதும்.

யூனிட்டை வெளியே எடுப்பதற்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுக. மிதவையைக் குலுக்கினால் உள்ளே எண்ணெய் சலசலக்கிறதா? ஓட்டை விழுந்து மூழ்கிய மிதவை எப்போதும் 'காலி' என்றே சொல்லும். முள் ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஓர் அளவில் மட்டும் விழுந்து எழுந்தால், சுருள் அந்த இடத்தில் தேய்ந்துள்ளது. புதிய யூனிட் பழைய மீட்டருக்குப் பொருந்தும் மின்தடை உடையதாக இருத்தல் வேண்டும். சில வகைகளில் டாங்க் நிறையும்போது தடை கூடும், சிலவற்றில் குறையும். மாற்றிப் பொருத்தினால் முள் தலைகீழாகப் பேசும்.

பழுது தீரும் வரை டாங்கை நிரப்பிய நாளின் கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். நல்ல முள்ளும் சரிவில் சற்று ஏமாற்றும். டாங்கினுள் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குவதே காரணம். அளவு மிகக் குறைந்திருந்தால் உறிஞ்சுகுழாயின் வாய்க்கே எண்ணெய் எட்டாமலும் போகலாம். ஆகவே திவே காட்டில் இறங்குவோர் சாஸ்வடின் சமதரையிலேயே முள்ளைப் பார்த்துக்கொள்வது நன்று.