நள்ளிரவில் பசி, நட்டநடுப் பகலில் தூக்கம்! புதிய ஏர் ஹோஸ்டஸ்களைப் பாடாய்ப் படுத்தும் ‘ஜெட் லேக்’

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஊர் அடங்கிய பிறகுதான் சந்தடி அதிகம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் வருகின்றன, போகின்றன.

கசங்காத சீருடை, வாரி முடிந்த கொண்டை, உருட்டிச் செல்லும் பெட்டி என்று மிடுக்காக நடந்து போகும் விமானப் பணிப்பெண்களைப் பார்க்கிற ஜனங்கள், “கொடுத்து வைச்சவங்கப்பா! சம்பளமும் வாங்கிக்கிட்டு உலகத்தையும் சுத்துறாங்க” என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால் வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களில் அந்தப் பெண்கள் கண்ணீர் விடாத குறைதான். காரணம், ‘ஜெட் லேக்’. உடம்பு ஒரு ஊரில், தூக்கம் இன்னொரு ஊரில்!

மூளைக்குள் ஒரு கடிகாரம்

மனித மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எப்போது உடம்புச் சூடு இறங்குவது எல்லாம் அதன் உத்தரவுப்படியே நடக்கிறது.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இருட்டினால் ‘மெலடோனின்’ என்ற சுரப்பு ஊறும். கண் சொக்கும். விடிந்தால் அது அடங்கிவிடும். இந்தக் கடிகாரம் உயிர்களின் உடம்பில் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் 3 பேருக்கு 2017-ல் நோபல் பரிசே கிடைத்தது.

அந்தக் காலத்தில் லண்டனுக்குக் கப்பலில் போனார்கள். வாரக்கணக்கில் ஆகும். உடம்பு மெல்ல மெல்லப் பழகிவிடும். இப்போது 10, 11 மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் திருப்பலாம். மூளைக் கடிகாரமோ ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும்!

லண்டனில் ராத்திரி 2 மணிக்கு இட்லி ஆசை

குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட 5½ மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அங்கே சாயங்காலம் 5 மணி என்றால், சென்னையில் இரவு 10.30. புதிய பணிப்பெண்ணுக்குச் சாயங்காலமே கண் செருகும். அங்கே நள்ளிரவு 2 மணிக்கு ‘டக்’கென்று விழிப்பு வரும். நம்ம ஊரில் அது காலை 7.30. வயிறு காபியும் இட்லியும் கேட்கும். ஓட்டலில் கிடைப்பதோ குடிதண்ணீரும் பிஸ்கெட்டும்தான்!

கிழக்கே போனால் கதை தலைகீழ். சிங்கப்பூர் நம்மைவிட 2½ மணி நேரம் முந்தி. அங்கே காலை 6 மணிக்கு அலாரம் அடித்தால், உடம்புக்கு அது விடியற்காலை 3.30. பொதுவாக மேற்கே போவதைவிடக் கிழக்கே போவதுதான் கஷ்டம். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம். வராத தூக்கத்தை முன்கூட்டியே வரவழைப்பது யாரால் முடியும்?

தலைவலி, மலச்சிக்கல், எரிச்சல், ஞாபக மறதி எல்லாம் இதனோடு ஒட்டிக்கொண்டு வரும். சில பெண்களுக்கு மாதவிலக்கே முன்னே பின்னே ஆகிறது. விமானத்துக்குள் காற்று எப்போதும் வறண்டது. தண்ணீர் குடிக்க மறந்தால் களைப்பு இரட்டிப்பு!

‘பிக் பென்’ பார்க்கும் ஆசை

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, ஊர் சுற்றுவது. “முதல் தடவையா லண்டன் வந்துட்டு ‘பிக் பென்’ பார்க்காம போறதா?” என்று பெட்டியை ரூமில் போட்ட கையோடு கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் திரும்பும் விமானத்தில் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே தூங்கி விழுகிறார்கள்.

அனுபவசாலிகளின் வழி வேறு. தங்குவது ஒன்றிரண்டு நாள்தான் என்றால், அவர்கள் அந்த ஊர் நேரத்துக்கு மாறுவதே இல்லை. சென்னை நேரப்படியே தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். லண்டனில் மாலை 5 மணிக்கே திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் ராத்திரி 1 மணிக்கு முழுத் தூக்கம் முடிந்துவிடும். பல நாள் தங்குவதாக இருந்தால் மட்டுமே அந்த ஊருக்கு உடம்பைப் பழக்குகிறார்கள். மேற்கே போனால் சாயங்கால வெளிச்சம், கிழக்கே போனால் காலை வெளிச்சம் முகத்தில் பட நடக்கிறார்கள்.

கைகொடுக்கும் வழிகள்

ராத்திரி டூட்டிக்கு முன் மதியமே ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுவது நல்லது.

காபி, டீ டூட்டியின் முதல் பாதியோடு சரி. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது அலங்காரத்துக்கு அல்ல. வெயில் கண்ணில் பட்டால் வந்த தூக்கமும் ஓடிவிடும்.

தூக்க மாத்திரை, மெலடோனின் மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்கத்துக்காகக் குடிப்பது அதைவிட மோசம். குடித்தால் தூக்கம் வரும், பாதியிலேயே கலைந்தும் போகும். அதுவுமின்றி, விமானம் கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரம் ஊழியர்கள் குடிக்கவே கூடாது என்பது இந்தியச் சட்டம்.

இரவெல்லாம் விழித்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவது தற்கொலைக்குச் சமம். காரோ மெட்ரோ ரெயிலோ பார்த்துப் போவதே புத்திசாலித்தனம்.

90 வினாடி!

இதெல்லாம் அவர்கள் சொந்தக் கவலை, நமக்கென்ன என்று பயணிகள் நினைத்தால் தப்பு. காபி கொடுப்பது மட்டுமா அவர்கள் வேலை? விமானத்தில் தீப்பிடித்தால் கதவைத் திறந்து, சறுக்குப் பாதையை விரித்து, பயணிகளை வெளியே தள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான். பாதி வாசல்கள் அடைபட்டாலும் 90 வினாடிக்குள் எல்லோரையும் இறக்கிவிட முடியும் என்று நிரூபித்த பிறகே பெரிய விமானங்களுக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த 90 வினாடியில் தூக்கக் கலக்கம் 10 வினாடியைத் தின்றுவிட்டால்?

விடியற்காலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு மிகவும் சோர்ந்துபோகும் நேரம் என்று விமானத் துறை விதிகளே தனியாகக் குறிக்கின்றன. டூட்டிக்கு மணி வரம்பும் ஓய்வுக்குக் கணக்கும் வைத்திருப்பது அதனால்தான்.

ஓய்வு கொடுத்தால் மட்டும் போதுமா? வீட்டில் தூங்க விட வேண்டாமா? “பகல் 11 மணி வரைக்கும் பொம்பளைப் புள்ள தூங்கலாமா?” என்று உறவுக்காரர் கேட்கிறார். “ராத்திரி போயி காலையில வருதே, அப்படி என்ன வேலை?” என்று பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு. குக்கர் விசில், டி.வி. சத்தம், காலிங் பெல் எல்லாம் அவள் தலைமாட்டில்தான்!

வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குப் பெற்றோர் புதுச் செயின் வாங்கித் தருவது சரி. அதோடு ஜன்னலுக்கு ஒரு தடித்த கறுப்புத் திரையும், கதவில் ‘தூங்குகிறாள், தட்டாதீர்கள்’ என்று ஒரு அட்டையும் மாட்டினால், அவளுக்கும் நல்லது, அவளை நம்பி ஏறுகிற 200 பேருக்கும் நல்லது. அவளுக்குத் தூக்கமும் டூட்டிதான்!