100% காப்பி ஆகியும் ஃபைல் ஓப்பன் ஆகலையா? பென் டிரைவைப் பிடுங்கும் முன் இதைப் படிங்க!

அக்கா கல்யாண போட்டோக்களை பென் டிரைவில் காப்பி செய்றீங்க. திரையில் 100% வந்ததும் பிடுங்கி, பிரின்ட் போடக் கொடுக்கிறீங்க. 'பாதி படம் ஓப்பனே ஆகலையே தம்பி'னு ஸ்டூடியோவிலிருந்து போன் வருது. பென் டிரைவைத் திட்டுறதுக்கு முன்னாடி, 'ரைட் கேஷ்' பற்றித் தெரிஞ்சுக்கோங்க.

அது என்ன ரைட் கேஷ்?

மளிகைக் கடையில் கூட்டம் இருந்தா, அண்ணாச்சி கடன் பாக்கியைத் துண்டுச் சீட்டில் குறிச்சுக்குவார். கூட்டம் குறைஞ்சதும் நோட்டில் ஏத்துவார். நடுவில் சீட்டு பறந்துட்டா கணக்கு போச்சு!

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலும் இதைத்தான் செய்யுது. பென் டிரைவ் மெதுவானது, ராம் வேகமானது. அதனால் டேட்டாவை முதலில் ராமில் வாங்கிவெச்சு, 'முடிஞ்சது'னு சொல்லிடும். எழுதுறது பின்னணியில் நடக்கும். லினக்ஸின் வழக்கமான செட்டிங்கில், புது டேட்டா 30 விநாடி வரைகூட ராமில் காத்திருக்கலாம்.

விண்டோஸில் என்ன செய்யணும்?

2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து (விண்டோஸ் 10, 1809), பென் டிரைவுக்கு 'க்விக் ரிமூவல்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். இதில் கேஷ் கிடையாது. செக் பண்ண, டிவைஸ் மேனேஜர் > டிஸ்க் டிரைவ்ஸ் > உங்கள் டிரைவ் > ப்ராப்பர்ட்டீஸ் > பாலிசீஸ் போங்க. 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வாகியிருந்தால், எஜெக்ட் செய்யாமல் பிடுங்கவே கூடாது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு, அதே இடத்தில் 'பஃபர் ஃப்ளஷிங்'கை நிறுத்தும் டிக் பாக்ஸ் இருக்கும். வேகம் கிடைக்கும்னு யூடியூபைப் பார்த்து அதை டிக் பண்ணாதீங்க. கரன்ட் போனால் டேட்டாவும் போகலாம்.

லினக்ஸில்?

டெர்மினலில் 'சிங்க்' கமாண்ட் கொடுங்க. ராமில் மிச்சமிருப்பதை எழுதி முடிச்ச பிறகுதான் கர்சர் திரும்பி வரும். அப்புறம் எஜெக்ட்.

எஜெக்ட் ஆகலைன்னா?

ஏதோ ஒரு ஆப் அந்த ஃபைலைப் பயன்படுத்திட்டிருக்கும். எல்லாத்தையும் மூடிப் பாருங்க. அப்பவும் முடியலைன்னா, ஷட்டவுன் செய்துட்டு எடுங்க.

கடைசியா ஒண்ணு

காப்பி ஆனதும் படத்தைத் திறந்து பார்த்து, 'சரியாத்தானே இருக்கு'னு நம்பிடாதீங்க. அது ராமிலிருந்தே திறந்திருக்கலாம். எஜெக்ட் செய்து, திரும்பச் செருகிப் பாருங்க. முக்கியமான ஃபைல்னா 'கட்' வேண்டாம், 'காப்பி' போதும். பென் டிரைவில் போனாலும் லேப்டாப்பில் கல்யாணம் பத்திரமா இருக்கும்!