உதவிப் பக்கத்துக்கே உதவி தேவை

பட்டன்களோ படங்களோ இல்லாத கறுப்புத் திரை. கணினியிடம் எது கேட்டாலும் தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும். இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தக் கட்டளை வரியில்தான் பராமரிக்கப்படுகின்றன. அங்கே வழி தெரியாமல் நிற்பவருக்கு இருக்கும் ஒரே துணை, மென்பொருளோடு வரும் உதவிப் பக்கம். பல நேரம் அதுதான் ஆளைக் குழப்புகிறது.

ஒரு கோப்புக்கு வேறோர் இடத்திலிருந்து இணைப்பு கொடுக்க லினக்ஸில் 'எல்என்' என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு இரண்டு பெயர்கள் தர வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயர், புதிதாக உருவாகும் இணைப்பின் பெயர். எதை முதலில் தருவது? பழகியவர்களே இதில் தடுமாறுவது உண்டு. உதவிப் பக்கத்தைத் திறந்தால், முதலில் 'டார்கெட்' என்கிறது லினக்ஸில் பொதுவாக இருக்கும் க்னூ பதிப்பு. ஏற்கெனவே இருக்கும் கோப்பைத்தான் அப்படிச் சொல்கிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையிலோ, புதிதாக உருவாகும் இணைப்புக்குத்தான் அந்தப் பெயர். நேர் எதிர்! போதாக்குறைக்கு, க்னூ பக்கத்திலேயே கொஞ்சம் கீழே 'டார்கெட் டைரக்டரி' என்று ஓர் ஆப்ஷன் வருகிறது. இணைப்புகள் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் அது. 'பழைய பெயர் முதலில், புதிய பெயர் பிறகு. கோப்பை நகலெடுக்கும்போது செய்வது போலத்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது.

எழுதியவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதியதுதான் கோளாறு. இந்தப் பழக்கம் யூனிக்ஸோடு சேர்ந்தே வந்தது. பெல் ஆய்வகத்தின் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், பிழைகள் என்று அவர்கள் பிரித்த தலைப்புகளில்தான் 'மேன்' பக்கங்கள் எனப்படும் இன்றைய உதவிப் பக்கங்களும் வருகின்றன. தங்கள் மென்பொருளின் பிழைகளைத் தாங்களே அச்சிட்ட அந்த நேர்மை பாராட்டத் தக்கது; இன்று எத்தனை நிறுவனங்களுக்கு அந்தத் துணிச்சல் வரும்? வசதிகளை முழுமையாக விவரிப்பதே வேலை, பொது அறிமுகத்தை இதில் தேடாதீர்கள் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் அதே ஆய்வகத்துக்காரர்கள் என்பதால், புரியாவிட்டால் எழுதியவரையே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பயனர்கள் உலகம் முழுக்கப் பெருகிய பிறகும் பக்கங்களின் அமைப்பு அப்படியே நின்றுவிட்டது.

உதவி கேட்கும் முறையாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. பல மென்பொருள்களில் ஒற்றைக் கோடு போட்டு 'எச்' என்று தட்டினால் உதவி வரும். 'எல்எஸ்' கட்டளையில் அதே எச், கோப்பின் அளவை எளிதில் படிக்கும்படி மாற்றிக்காட்டச் சொல்வது. 'க்ரெப்' கட்டளையில் கோப்பின் பெயரை மறைக்கச் சொல்வது. 'ஷட்டவுன்' கட்டளையிலோ கணினியை நிறுத்தவே சொல்வது!

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'க்ரான்டேப்' இன்னும் ஆபத்து. அதில் 'இ' என்றால் பட்டியலைத் திருத்து, 'ஆர்' என்றால் மொத்தப் பட்டியலையும் அழி. விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்த எழுத்துகள். விரல் தவறினால், பொதுவாக ஒரு கேள்விகூட இல்லாமல் பட்டியல் போய்விடும். உதவிப் பக்கமோ இரண்டையும் ஒரே தொனியில் ஆளுக்கொரு வரியில் சொல்லிக் கடக்கிறது.

மனிதர்கள் கையேட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை 1980களில் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரல் ஆராய்ந்தார். சொற்செயலி கற்க வந்த அலுவலக ஊழியர்களை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொன்னார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. பக்கங்களைத் தாவினார்கள், தோன்றியதைச் செய்து பார்த்தார்கள், தப்பு நேர்ந்ததும் மாட்டிக்கொண்டார்கள். பிறகு கேரலின் குழு ஒரு சிறு கையேடு தயாரித்தது: விளக்கம் குறைவு, செய்து பார்க்கும் வேலைகள் அதிகம், தப்பிலிருந்து மீளும் வழியும் உண்டு. அதை வைத்துக் கற்றவர்கள் வேகமாகவே கற்றார்கள்.

கட்டளை வரி உலகம் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 2013இல் தொடங்கிய 'டிஎல்டிஆர்' என்ற திட்டம் ஒவ்வொரு கட்டளைக்கும் அன்றாடம் தேவைப்படும் சில உதாரணங்களை மட்டும் ஒரு சிறு பக்கத்தில் தருகிறது. முழு விவரம் வேண்டியவருக்கு மேன் பக்கம் இருக்கவே இருக்கிறது; ஆனால் உதாரணம்தான் முதலில் வர வேண்டும். டிஎல்டிஆர் பக்கங்களைத் தன்னார்வலர்கள் தமிழிலும் மொழிபெயர்த்து வருகிறார்கள். கட்டளை வரியில் பழகிய வாசகர்கள் அதற்குக் கைகொடுக்கலாம்.