மயங்கி விழுந்தவருக்கு ஒரு இசிஜி எடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று வேலை நீளும். அப்போது அயர்னிங் டேபிளில் நிற்கும் இளைஞரோ, செக்கிங்கில் இருக்கும் பெண்ணோ சரிந்து விழுந்தால், "காலையில சாப்பிடல, அதான்" என்று சோடா கொடுத்து, சற்று நேரத்தில் மறுபடி வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெக்கை, பசி, நெடுநேரம் நிற்பது ஆகியவற்றால் வரும் மயக்கமே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சிலருக்குக் கோளாறு இதயத்தின் மின்பாதையில் இருக்கும். அவர்களைக் கண்டுபிடிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

மின்பாதையில் என்ன நடக்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்புகிறது. அது ஏவி கணு வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. வழியில் தடைபட்டால் துடிப்பு குறைந்துபோகும். இதுதான் 'ஹார்ட் பிளாக்'. பிறவிக் குறை, ருமாட்டிக் காய்ச்சல், இதயத் தசை அழற்சி ஆகியவற்றால் இளவயதிலும் இது வரலாம். சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். துடிப்பு திடீரென எகிறும். 'லாங் க்யூடி' என்ற கோளாறோ குடும்ப வழியாக வரக்கூடியது.

அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள்

• படியேறும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்குவது
• கண் இருட்டாமல், வியர்க்காமல் சட்டென விழுவது
• மயக்கத்துக்கு முன் கடும் படபடப்பு
• குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது

இதயம் தடுமாறி மூளைக்கு ரத்தம் குறையும்போது கை கால் வெட்டி இழுக்கலாம். அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது எந்தப் பயனும் தராது.

உடனே செய்ய வேண்டியவை

மெஷினை நிறுத்தி, விழுந்தவரைச் சமதரையில் படுக்க வையுங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

சிகிச்சை உண்டு

இசிஜி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அது இயல்பாக இருந்தும் அறிகுறி தொடர்ந்தால், 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பரிசோதனை உதவும். கூடுதல் மின்பாதையை வடிகுழாய் வழியே செலுத்தும் வெப்பத்தால் அழித்துவிடலாம். லாங் க்யூடிக்கு மாத்திரை உண்டு. ஆனால் சில ஆன்டிபயாடிக்குகள் அதை மோசமாக்கும் என்பதால் மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது. கடுமையான ஹார்ட் பிளாக்குக்கு பேஸ்மேக்கர். 1958-இல் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக அது உடலுக்குள் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. அவர் 86 வயதுவரை வாழ்ந்தார்.

முதலாளிகளே, சூப்பர்வைசர்களே! பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. ஒருவர் மயங்கி விழுந்தால் அன்றைய உற்பத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவரை இஎஸ்ஐ அல்லது அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.