உயிர் பிரியுங் காலத்துச் செய்யத்தகுந் தொண்டு

நோய் தீராதென மருத்துவர் அறுதியிட்ட ஒருவரிடத்துச் சைவ அன்பர் செய்யத்தகுந் தொண்டு யாது? திருநீறு சாத்துதலும், திருமுறை ஓதுதலும், செவியில் ஐந்தெழுத்தை மொழிதலும் நம்மவர் வழக்கு. இவை உயர்ந்தனவே. எனினும் இவற்றை எவ்வுள்ளத்தோடு செய்தல் வேண்டுமென்பது ஈண்டு ஆராயற்பாலது.

சில்லாண்டுகட்கு முன் யாம் செய்த பிழையொன்றைக் கூறுதும். எம்மிடம் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் புற்றுநோயாற் படுக்கையுற்றிருந்தனர். காணச் சென்ற யாம், நுகர்வினை நுகர்ந்தே கழியுமென்றும், உடம்பு மாயையின் காரியமென்றும் நெடிது விரித்துரைத்தேம். பொறுமையோடு கேட்டிருந்த அவர், “ஐயா, அங்ஙனமாயின் என் தீவினையாலன்றோ என் மக்களும் வருந்துகின்றனர்?” என வினவிக் கண்ணீர் உகுத்தனர். யாம் விடையின்றி நின்றேம். நூற்பொருளிற் பிழையில்லை, அதனைக் கூறிய இடமே பிழை. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு ஊன்றுகோலாம். அதனைப் பிறர் துன்பத்தின்மேல் ஓங்குதல் தகாது.

சூலை நோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்து தம் அடிகளில் வீழ்ந்த மருணீக்கியாரைத் திலகவதியார் ஏற்ற முறையைப் பெரியபுராணத்துட் காண்க. பிறசமயம் புக்கமையை அறியாது வீழ்ந்த வீழ்ச்சியாகவே கொண்டு, அவர் உழந்த துயருக்கு இரங்கி, எழுந்திருக்கப் பணித்தனர் அம்மையார். பின்னரே ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். அஃது இறுதிக்கால நிகழ்ச்சியன்றாயினும், இரக்கம் முன்னும் உபதேசம் பின்னும் வருதல் வேண்டுமென்னும் முறை அதனால் விளங்கும்.

ஐந்தெழுத்தின் அடைவும் இதனையே காட்டும். சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்குமென்பது உண்மைவிளக்கம், திருவருட்பயன் முதலியவற்றாற் பெறப்படும். ஒருபால் அருளும் ஒருபால் மலமும் நிற்ப, இடையே நிற்பது உயிர். இறக்குந் தறுவாயில் அச்சமும் தன்னை நொந்துகொள்ளுதலும் அதனைக் கீழ் இழுக்கும். அன்புடைய சொல் அதனை அருளின்பால் திருப்பும். ஆகவே அச்சத்தை மிகுவிக்கும் உபதேசம், எத்துணைச் சாத்திரப் பொருளுடையதாயினும், ஐந்தெழுத்தின் கருத்துக்கு மாறாதல் தெளிக.

இக்காலத்து மருத்துவரும் இதனையொத்த உண்மையைக் கண்டுள்ளனர். 1967-இல் இலண்டன் மாநகரிற் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறப்பாரது வலி உடலளவில் நில்லாது உள்ளத்தையும் சுற்றத்தையும் உயிரையும் ஒருங்கே பற்றுவதெனக் கற்பித்தனர். நம் நாட்டிற் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புப் பணி கேரளத்தின் பல ஊர்களிலும் பரவியது. வலிதணிக்கும் மருந்து வினைக்கு மாறெனச் சிலர் விலக்குவர். அது பொருந்தாது, பசித்தார்க்குச் சோறிடுதல் வினைக்கு மாறாகாதவாறு போல, வலித்தார்க்கு மருந்தளித்தலும் மாறாகாது. வலியால் துடிப்பார்க்குச் சிவசிந்தனை கூடுதலும் அரிது.

இனிச் செய்முறை. முதற்கண் அருகமர்ந்து அவர் கூறுவதைக் கேட்க. இளமையில் அவர் நெஞ்சிற் பதிந்த பதிகம் யாதென வினவி, அதனையே மெல்லென ஓதுக, அயர்ந்தவழி நிறுத்துக. விரும்பாதார்மேல் எதனையும் சுமத்தற்க. பிறசமயத்தாராயின் அவர்தம் வழிபாட்டிற்கே துணைநிற்க. பேச்சொழிந்த பின்னரும் செவி கேட்டல் கூடுமாதலின், பிணக்குரையும் பொருளுரையும் அவ்வறையில் நிகழாமற் காக்க.

தொண்டு உயிர்ப்பிரிவோடு முடிவதன்று. அழுவாரை ‘அழற்க’ எனத் தடுத்தல் வேண்டா. கருமாதி கழிந்து உறவினர் கலைந்த பின்னரே வீட்டில் வெறுமை தோன்றும். அந்நாளிற் சென்று உடனிருத்தல் பெருந்தொண்டாம்.

எம் அன்பரிடம் யாம் மறுநாளும் சென்றேம், நூலொன்றும் உரைத்திலேம். அவர் கையைப் பற்றிச் சிவபுராணத்தை மெல்ல ஓதினேம். அவர் இதழ்களும் உடன் அசைந்தன.

திருச்சிற்றம்பலம்.