கணினியைப் புதுப்பித்த பின் நாட்காட்டிக் கணக்கு திறக்கவில்லையா?

இரவு கணினியில் அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் திறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. நாட்காட்டி மட்டும் கடவுச்சொல் கேட்கிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அதே பெட்டி மீண்டும் வந்து நிற்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள், பிள்ளையின் தேர்வுத் தேதி, மண்டபம் பதிவு செய்த விவரம் என எல்லாவற்றையும் அதில்தான் குறித்து வைத்திருக்கிறோம். பதற்றத்தில் கடவுச்சொல்லை நான்கைந்து முறை மாற்றுபவர்களும், கணக்கையே நீக்கிவிடுபவர்களும் நம்மில் உண்டு. இரண்டுமே சிக்கலைப் பெரிதாக்கலாம்.

மேக் கணினியில் கூகுள் நாட்காட்டியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. எனவே அதையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, என்ன செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் இப்படி நடக்கிறது?

மேக்கில் உள்ள காலண்டர் செயலி ஒவ்வொரு முறையும் நம் கடவுச்சொல்லைக் கூகுளிடம் காட்டுவதில்லை. முதல் முறை நாம் உள்நுழையும்போது கூகுள் அந்தச் செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. இதை ‘டோக்கன்’ என்பார்கள். மேக் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது காட்டி உள்ளே போகிறது. அப்டேட்டுக்குப் பிறகு சில நேரங்களில் அந்தச் சீட்டு செல்லாமல் போகிறது, அல்லது செயலியால் அதை எடுக்க முடிவதில்லை. புதிய சீட்டு கிடைக்கும் வரை கடவுச்சொல்லை எத்தனை முறை தட்டினாலும் பயன் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்தால் பிற செயலிகள் கூகுள் கணக்கில் நுழைய முடிந்தது. தனிநபர் கணக்குகளுக்கு இந்த வழியைக் கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. பழைய முறையில் சேர்த்து வைத்த கணக்குகள் இதனாலும் நின்றுபோகின்றன.

முதலில் உலாவியில் பாருங்கள்

எதையும் மாற்றும் முன் சஃபாரி அல்லது குரோமில் கூகுள் நாட்காட்டியின் தளத்தைத் திறந்து உள்நுழையுங்கள். அங்கே உங்கள் குறிப்புகள் எல்லாம் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை கூகுளின் சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. பழுது கணினிக்கும் கூகுளுக்கும் இடையிலான இணைப்பில் மட்டுமே. அங்கேயும் உள்நுழைய முடியவில்லை என்றால் சிக்கல் கணக்கில் இருக்கிறது. அப்போது கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தின் வழியாகக் கணக்கைத் திரும்பப் பெறுவதே முதல் வேலை.

அடுத்து, கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. தேதி, நேரம் தானாக அமையும் வசதியை இயக்கி, கணினியை ஒரு முறை அணைத்துத் திறந்து பாருங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

நீக்கும் முன் ஒரு பிரதி

அப்படியும் சரியாகவில்லை என்றால் கணக்கை மேக்கிலிருந்து நீக்கி மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்கு முன் காலண்டர் செயலியின் ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ சென்று, ‘காலண்டர் ஆர்க்கைவ்’ என்பதைத் தேர்ந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், செயலியின் இடப்பக்கப் பட்டியலில் ‘ஆன் மை மேக்’ என்ற தலைப்பின் கீழ் சில நாட்காட்டிகள் இருக்கலாம். அவை கணினியில் மட்டுமே இருப்பவை. கூகுளில் அவற்றுக்குப் பிரதி கிடையாது. அவசரத்தில் அவற்றை அழித்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

கணக்கை மீண்டும் சேர்ப்பது

1. ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து ‘இன்டர்நெட் அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். பழைய மேக்குகளில் ‘சிஸ்டம் பிரிஃபரன்சஸ்’ என்று இருக்கும்.

2. கூகுள் கணக்கைத் தேர்ந்து நீக்குங்கள். இதனால் கூகுளில் உள்ள குறிப்புகள் அழியாது. அதே கணக்கில் வரும் மின்னஞ்சலும் தொடர்பு எண்களும் மேக்கிலிருந்து தற்காலிகமாக மறையும். பிறகு திரும்ப வரும்.

3. ‘ஆட் அக்கவுண்ட்’ அழுத்திக் கூகுளைத் தேர்ந்தெடுங்கள். உலாவி திறந்து கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வரும்.

4. உள்நுழைந்ததும் கூகுள் அனுமதி கேட்கும். நாட்காட்டிக்கான அனுமதியை விட்டுவிடாதீர்கள்.

5. கடைசியில் ‘காலண்டர்ஸ்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்முடைய நாட்காட்டி வந்துவிட்டது, மற்றவர்கள் நம்மோடு பகிர்ந்தவை வரவில்லை என்றால், காலண்டர் செயலியின் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’, அதனுள் ‘டெலிகேஷன்’ சென்று அவற்றைத் தேர்வு செய்யுங்கள்.

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கு என்றால், நிர்வாகியே வெளிச் செயலிகளைத் தடுத்திருக்கலாம். அதை நம்மால் சரிசெய்ய முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஐகிளவுட் நாட்காட்டியை ஆப்பிள் அல்லாத செயலிகளில் பார்ப்பவர்களுக்கு வழக்கமான கடவுச்சொல் உதவாது. ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் அந்தச் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிக் கடவுச்சொற்கள் எல்லாம் செல்லாமல் போய்விடும். கண்டபடி கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸில் பழைய ‘மெயில்’, ‘காலண்டர்’ செயலிகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31 உடன் முடித்துக்கொண்டது. அவற்றோடு போராடுவதில் பயனில்லை. புதிய அவுட்லுக்கிலோ உலாவியிலோ கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொதுக் கணக்கு யார் கையில்?

சங்கம், அறக்கட்டளை, குடும்பக் கடை போன்றவற்றில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துகிறோம். மீண்டும் உள்நுழையச் சொல்லும்போதுதான் உண்மை தெரிகிறது: இருபடிச் சரிபார்ப்புக்கான எண் முன்னாள் செயலாளருடையது; அவர் இப்போது வெளிநாட்டில், அந்த சிம் கார்டும் இல்லை. ஆண்டு முழுவதற்குமான நிகழ்ச்சிகள் ஒரே இரவில் எட்டாமல் போய்விடுகின்றன.

இதைத் தவிர்க்க, உள்நுழைய முடிகிற இப்போதே மீட்பு எண்ணையும் மின்னஞ்சலையும் புதுப்பியுங்கள். இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அவற்றை அச்சிட்டுப் பொறுப்பாளரிடம் வையுங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதைவிட, நாட்காட்டியை அவரவர் கணக்கோடு பகிர்வது நல்லது. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அவருடைய அனுமதியை மட்டும் நீக்கினால் போதும்.

மோசடியில் விழாதீர்கள்

‘உங்கள் நாட்காட்டி காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தி உள்நுழையுங்கள்’ என்று மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். உண்மையான சிக்கல் என்றால் கணினியின் செட்டிங்ஸிலேயே தெரியும். இணையத்தில் தேடிக் கிடைத்த ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை அழைத்து ஓடிபி சொல்வதும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதிப்பதும் கணக்கைக் கொத்தாகப் பறிகொடுப்பதற்குச் சமம்.

அடுத்த முறை அப்டேட் போடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நாட்காட்டியைப் பிரதி எடுங்கள், மீட்பு எண் உங்களுடையதா என்று பாருங்கள், அந்த வாரத்தின் முக்கியமான தேதிகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாட்காட்டி ஒரு நாள் திறக்காவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் தவறாது.