அளவறிந்த ஓசை

தோட்டங்களிலே ஒரு காலத்தில் தப்பின் ஓசைதான் செய்தி. விடியுமுன் பிரட்டுக்கு அழைப்பதும் தப்பு. திருவிழாவை அறிவிப்பதும் தப்பு. மாண்டவரை வழியனுப்புவதும் தப்பு. லயத்துக்குள்ளே படுத்திருப்பவர், அடிக்கும் முறையைக் கொண்டே இன்னது நேர்ந்ததென்று அறிந்துகொள்வார். பின்னாளில் அந்தப் பணியிற் பெரும்பங்கை மாரியம்மன் கோயில் மரத்திலே கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஏற்றுக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் அந்தக் குழாய்க்கு உயிர் கொடுத்த பெருக்கியைச் செய்தவன் நான். அது பேசத் தவறிய ஓர் இரவைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றிலே வளர்ந்தவன் நான். கடையிலே விற்கும் பெருக்கியை வாங்கக் கோயிலுக்கு வசதியில்லை. ஆகவே, ரி.டி.ஏ. 2030 என்னும் ஐந்து கால் கொண்ட சிறு சில்லு ஒன்றையும், ஒலிவாங்கிக்கென ஒரு முன்பெருக்கியையும் பலகையிலே பொருத்தி, 12 வோல்ற் கார் பற்றரியில் இணைத்தேன். முதன்முதலாக அது பேசியபோது நான் அடைந்த இறுமாப்பைச் சொல்லி முடியாது. இன்னும் உரக்க, இன்னும் உரக்க என்பதே என் ஆசை. முன்பெருக்கியிலிருந்த சுழலியை 200 மடங்கு வரையில் திருப்பி வைத்தேன்.

1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பெருமழை கேகாலை மாவட்டத்தை உலுக்கியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளமும் மண்சரிவும் பல உயிர்களைக் கொண்டுபோன நாட்கள் அவை. ஓர் இரவு எங்கள் பணிய லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதைக் கண்டோம். நான் கோயிலுக்கு ஓடி, ஒலிவாங்கியின் முன்னே நின்று, “எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வாருங்கள்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் வரவில்லை. கடைசியில் இரண்டு பையன்கள் சேற்றிலே விழுந்தெழுந்து ஓடி, கதவு கதவாகத் தட்டி அழைத்து வந்தார்கள். விடிந்து பார்த்தபோது, லயத்தின் கோடிக் காம்பிராக்கள் இரண்டின் மீது மண் ஏறிக் கிடந்தது. “குழாய் இரைந்தது தம்பி, மழையிலே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம்” என்றார் ஒரு கிழவி. அவர் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என் நெஞ்சிலே தைத்தது.

மறுமாதம் பெருக்கியைத் தூக்கிக்கொண்டு, ஊரிலே றேடியோ திருத்தும் சிங்களப் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் சில்லைத் தொட்டுப் பார்க்கவில்லை. “மல்லி, இந்தப் பற்றரி எத்தனை வோல்ற்?” என்றுதான் முதலிலே கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. 12 வோல்ற் பற்றரியிலே சில்லின் நடுநிலை 6 வோல்ற். அதிலிருந்து மேலும் கீழும் 4 அல்லது 5 வோல்ற் தூரமே ஒலியலை ஊசலாட முடியும். சில்லின் பெருக்கம் 33 மடங்கு. ஆகவே அதன் வாசலில் 0.13 வோல்ற் வந்தாலே போதும், எல்லை எட்டிவிடும். ஒலிவாங்கி எனக்குத் தந்தது ஏறத்தாழ 2 மில்லிவோல்ற். அதனை 200 மடங்காக்கினால் 0.4 வோல்ற், மீண்டும் 33 மடங்கானால் 13 வோல்ற். இல்லாத வோல்ற்றுக்குப் பற்றரி எங்கே போகும்? அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டது.

ஆனால் வெட்டுப்பட்ட பேச்சுங்கூட ஓரளவு விளங்கும். கேட்டை முழுமையாக்கியது மழைதான். நான் ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்று கத்தினேன். தகரக் கூரையிலே மழை கொட்டியது. பெருக்கி ஆள் பார்த்துப் பெருக்குவதில்லை. என் குரலையும் மழையையும் ஒரே அளவில் உயர்த்தியது. குரலோ உச்சியை முட்டி, அதற்குமேல் எழ வழியின்றி நின்றுவிட்டது. மழைக்கு இன்னும் இடமிருந்தது; அது ஏறி வந்து குரலை நெருங்கி நின்றது. பணிய லயத்தார் கேட்டது அந்தக் கலவையைத்தான்.

பெரியவர் சுழலியைக் குறைத்து 60 மடங்கிலே நிறுத்தினார். “நாலு விரற்கடை தூரத்திலிருந்து மெல்லப் பேசு” என்றார். ஒரு முழம் நாலு விரற்கடையாகச் சுருங்கும்போது, குரல் ஒலிவாங்கியை ஏறத்தாழ 6 மடங்கு வலிமையுடன் அடைகிறது. கத்தாமலே அதே 2 மில்லிவோல்ற் கிடைத்தது. 60 மடங்கில் 0.12 வோல்ற்; இறுதியில் 4 வோல்ற். குரல் முழுமையாக நின்றது. மழையோ முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. குழாயின் ஓசை ஒலிவாங்கிக்குத் திரும்பி வந்து ஊளையிடும் தொல்லையும் இதனாலேயே அடங்கியது.

முழுவதையும் இறுதிச் சில்லிலேயே குறைத்துவிடலாமே என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். அந்தச் சில்லின் இயற்கையான பெருக்கம் ஏறத்தாழ 30,000 மடங்கு. 22,000 ஓம், 680 ஓம் ஆகிய இரண்டு தடைகள், வெளியே வரும் ஒலியில் 33இல் ஒரு பங்கை வாசலுக்கே திருப்பியனுப்பி, அதனை 33 மடங்காக அடக்குகின்றன. 16 மடங்குக்குக் கீழே அடக்கினாலோ அது நிலைகெட்டுத் தானாகவே அதிரத் தொடங்கும். அளவுக்கு மீறிய அடக்குமுறையும் ஆகாதென்பதை அங்கே அறிந்தேன்.

இவ்வாறு வெளியே வந்ததிலொரு பங்கைத் திருப்பியனுப்பிக் குறையைத் திருத்தும் உபாயத்தைக் கண்டவர் ஹரோல்ட் பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1927ஆம் ஆண்டு ஆகஸ்ற் 2ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகிலே கடக்கையில், கையிலிருந்த செய்தித்தாளின் தாளொன்றிலேயே அதனைக் குறித்துவைத்தார். தொலைபேசிக் குரல் நெடுந்தூரம் சிதையாது செல்ல வேண்டும் என்பதே அவர் கவலை. அதற்காக, அரிதிற் கிடைத்த பெருக்கத்திலே பெரும்பகுதியை வேண்டாமென்று விட்டுக்கொடுக்கத் துணிந்தார். விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகத் தெளிவைப் பெற்றார்.

இன்று எச்சரிக்கை கைத்தொலைபேசியிலே வருகிறது. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆயினும் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும் மலை சரிந்ததை நாம் கண்டோம். மின்சாரமும் கோபுரமும் ஓய்ந்துபோகும் இரவுகள் இன்னும் வரும். அவ்விரவுகளில் ஒரு பற்றரியும் ஒரு குழாயும் அளவறிந்த ஒரு குரலும் பயன்படக்கூடும்.

பெரியவர் அன்று வேலையை முடித்ததும், மேசையிலிருந்த சிவப்பு நகப்பூச்சிலே ஒரு துளியைச் சுழலியின் தலைமீது வைத்தார். இனி யாரும் அதனை எளிதிலே திருப்பாதிருக்கத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பலகை இன்றும் என்னிடம் இருக்கிறது. சிவப்புப் புள்ளியை நான் உடைக்கவேயில்லை.